வண்டி ஏன் துள்ளியது? பின் ஷாக்கும் ஸ்பிரிங் ரப்பரும் மாற்றிய கதை



கூட்டமைப்பின் கார் செலவுக் கணக்கை வாசித்தபோது, "போன வருஷம்தானே ஷாக் மாத்தினோம், மறுபடியும் ஷாக்கா?" என்று மூன்று குழுக்களிலிருந்து கேட்டீர்கள். கேட்டதில் தப்பே இல்லை. அது நம்ம சந்தாப் பணம். ஆனால் ரூபாய்க் கணக்கை மட்டும் சொன்னால் பாதி பதில்தான் ஆகும். ஒரே வேலைக்கு ஏன் இரண்டு முறை பணம் போனது, நாங்கள் எங்கே தவறினோம், இரண்டாவது முறை என்ன செய்தோம் என்று முழுசாக எழுதுகிறோம். கொஞ்சம் நீளமாக இருக்கும். படிக்கத் தெரிந்தவர்கள் குழுக் கூட்டத்தில் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நம்ம வண்டி

நம்மிடம் இருப்பது 2008-ஆம் வருஷத்து மாருதி 800. 2017-ல் பழைய வண்டியாகத்தான் வாங்கினோம். 1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்த இந்த வகைக் காரைக் கம்பெனி 2014 ஜனவரியோடு செய்வதை நிறுத்திவிட்டது. ஆனாலும் சாமான்கள் கடையில் கிடைக்கின்றன, கை பழகிய மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். 15 வருஷம் முடிந்ததும் 2023-ல் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி, 5,000 ரூபாய் கட்டணம் கட்டி, ஆர்.சி.யை இன்னும் 5 வருஷத்துக்குப் புதுப்பித்தோம். வெள்ளை நம்பர் பலகை வண்டி என்பதால் வாடகைக்கு விடுவதில்லை. பேங்க் வேலை, ஒன்றிய ஆபீஸ், தணிக்கை, பிறகு கர்ப்பிணி உறுப்பினர்களை மாதாமாதம் திண்டுக்கல்லுக்குச் செக்கப் கூட்டிப்போவது என்று ஓடுகிறது. பிரசவ வலி வந்தால் 108-ஐத்தான் கூப்பிடுகிறோம், அதில் மாற்றமில்லை.

ஓட்டுவது நம் உறுப்பினர் ஒருவர்தான். டிரைவர் அக்கா என்றால் எல்லாருக்கும் தெரியும். குழுக் கடன் வாங்கி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்தவர். அவருக்குக் கூட்டமைப்பு கொடுக்கும் சம்பளத்தில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் ஒத்துக்கொள்கிறோம். புளி சீசனில் இந்த வண்டியைப் படாதபாடு படுத்தினோம். டிக்கியில் இரண்டு புளி மூட்டை, பின் சீட்டில் நாலு பேர், மடியில் பிள்ளைகள். வண்டியின் எடையே சுமார் 650 கிலோதான். அதன் முதுகில் நாம் ஏற்றியது எவ்வளவு என்று ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை.

நவம்பர் மாதம் நடந்தது

2024 நவம்பரில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை. ஏழு மாதக் கர்ப்பிணியான ஒரு தங்கச்சியும், துணைக்கு அவள் மாமியாரும், எங்களில் ஒருவரும் வண்டியில் இருந்தோம். ஓடைப்பாலம் தாண்டி வளைவு. அந்த வளைவிலேயே ரோடு அரித்து மேடு பள்ளமாகக் கிடந்தது. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது. அதோடு நிற்காமல் பின்பக்கம் துள்ளியது, மறுபடி துள்ளியது, அப்படியே வால் பக்கம் வெளியே இழுத்துக்கொண்டு போய் மண் ஓரத்தில் நின்றது. அங்கிருந்து இரண்டடி தள்ளினால் ஓடை.

அடி யாருக்கும் இல்லை. அந்தத் தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆஸ்பத்திரியில் பார்த்து, குழந்தை நல்லா இருக்கு என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

ஆனால் ஊருக்குள் பேச்சு வேறு மாதிரி ஓடியது. "பொம்பளை வண்டி ஓட்டினா இப்படித்தான்" என்று டீக்கடையில் பேசினார்கள். அவர்கள் பேசியது பெரிசில்லை. டிசம்பர் கூட்டத்தில் நம்மவர்களே, "அக்காவை மாத்திட்டு ஒரு ஆம்பளை டிரைவரைப் போடலாம்" என்றார்கள். இன்னும் சிலர், "வண்டியை வித்துத் தலைமுழுகுங்க" என்றார்கள். தீர்மான நோட்டில் எழுதப் பேனாவை எடுத்துவிட்டோம். டிரைவர் அக்கா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "நான் நாப்பதுக்கு மேல போகலை. ஜூன் மாசத்துல இருந்து பின்னாடி சத்தம் வருதுன்னு சொல்லிட்டேதான் இருக்கேன்."

அது உண்மை. அவர் சொன்னார், நாங்கள் கேட்டோம், ஆனால் புரிந்துகொள்ளவில்லை. ஜூன் மாதத்தில் டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். "இடது பின் ஷாக் போயிடுச்சு" என்று ஒன்றை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். பழைய ஷாக்கை நாங்கள் கேட்டு வாங்கவில்லை. வேலை நடந்தபோது பக்கத்திலும் நிற்கவில்லை. டிரைவர் அக்கா, "சத்தம் இன்னும் கேக்குதே" என்றதற்கு, "புது ஷாக் அப்படித்தான், ஓட ஓடச் சரியாகும்" என்று அனுப்பிவிட்டார்கள். நவம்பரில் நடந்ததைச் சொல்லி அதே இடத்தில் மறுபடி கேட்டபோது, முன்னும் பின்னும் நாலு ஷாக், நாலு ஸ்பிரிங் எல்லாம் மாற்ற 14,000 ரூபாய் ஆகும் என்றார்கள். எது கெட்டது என்று சொல்லச் சொன்னால் பதில் இல்லை.

அப்போதுதான் ஒரு உறுப்பினர் தன் மாமனாரைப் பற்றிச் சொன்னார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். "அவரைப் பார்க்கச் சொல்லுங்க, பிறகு தீர்மானம் போடுங்க" என்றார். பேனாவை மூடி வைத்தோம்.

ஸ்பிரிங் வேறு, ஷாக் வேறு

ஐயா வந்ததும் வண்டியைத் தொடவே இல்லை. எங்களை உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்டார். "தாயி, தூளியில ஸ்பிரிங் போட்டுக் கட்டி இருக்கீங்களா?"

எல்லார் வீட்டிலும் கட்டியிருக்கிறோம். பிள்ளையைப் போட்டு ஒருதரம் கீழே இழுத்துவிட்டால் தூளி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். பிள்ளை தூங்க அது நல்லது. வண்டிக்கு அது ஆகாது. ஒரு பள்ளத்தில் இறங்கிய கார் அடுத்த பத்தடிக்கும் ஆடிக்கொண்டே போனால், சக்கரம் ரோட்டை அழுத்துவது ஒரு நொடி கூடும், ஒரு நொடி குறையும். குறைகிற அந்த நொடியில் பிரேக்கும் பிடிக்காது, வளைவில் வண்டியும் நிலை நிற்காது. ஈர ரோடு என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆடுகிற தூளியைக் கையால் பிடித்து நிறுத்துகிறோம் இல்லையா, அந்தக் கைதான் ஷாக் அப்சார்பர். வண்டியின் கனத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்குவது ஷாக். இரண்டும் சேர்ந்துதான் வேலை, ஆனால் வேலை வேறு வேறு. "ஷாக் உக்காந்துடுச்சு" என்று பொதுவாகப் பேசுகிறோம். வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து நிற்கிறதா? அது பெரும்பாலும் ஸ்பிரிங்கின் குறை. தாழவில்லை, ஆனால் துள்ளுகிறதா? அது ஷாக்கின் குறை. இந்த ஒன்று தெரிந்திருந்தாலே 14,000 ரூபாய் சொன்ன இடத்தில் நாலு கேள்வி கேட்டிருப்போம்.

ஷாக்குக்குள்ளே என்ன இருக்கிறது? பெரிய மர்மம் இல்லை. ஒரு குழாய், அதற்குள் எண்ணெய், எண்ணெய்க்குள் மேலும் கீழும் போகும் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் சின்னச் சின்ன ஓட்டைகளும் அடைப்புகளும் உண்டு. ஊசி போடுகிற சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி அழுத்திப் பாருங்கள். மெதுவாக அழுத்தினால் போகும், வேகமாக அழுத்தினால் எதிர்க்கும். அதேதான். பள்ளத்தில் வண்டி வேகமாகத் துள்ளப் பார்க்கும்போது, எண்ணெய் அந்தச் சின்ன ஓட்டை வழியாகத்தான் போகவேண்டும் என்பதால் தடுத்து நிறுத்துகிறது. துள்ளுகிற வேகம் எண்ணெயில் சூடாக மாறிவிடுகிறது. சில ஷாக்கில் எண்ணெயோடு அழுத்தமான வாயுவும் அடைத்திருப்பார்கள். எண்ணெய் கசிந்துவிட்டால் தடுக்க ஆளில்லை.

இப்போது மூன்றாவது ஆள். ஸ்பிரிங்கின் நுனிக்கும் வண்டி உடம்புக்கும் நடுவே உட்காரும் ரப்பர் வளையம். ஸ்பிரிங் சீட் ரப்பர் என்று கடையில் கேட்க வேண்டும். மிக்சியின் அடியில் இருக்கும் நாலு ரப்பர் கால் தேய்ந்துபோனால், மேடையில் வைத்து ஓட்டும்போது எப்படிக் கடகடவென்று ஆடுகிறது! அந்த மாதிரிதான். இரும்பு இரும்பை இடிக்காமல், ரோட்டின் அதிர்வு வண்டிக்குள் ஏறாமல் அது தடுக்கிறது. கிழிந்துபோனால் ஒவ்வொரு குழிக்கும் "டொக், டொக்". சத்தத்தோடு போகாது. ஸ்பிரிங் உரசி உரசி வண்டித் தகட்டின் பெயிண்ட் போகும், மழைத் தண்ணீர் தங்கும், துரு பிடிக்கும். துரு பிடித்துத் தகடு ஓட்டையாகிவிட்டால் வெல்டிங் வேலை. அதற்கு ஆகும் செலவைப் பார்த்தால் இந்த ரப்பரின் விலை ஒன்றுமே இல்லை.

நம்ம மாருதி 800-ல் பின்னாடி சுருள் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. பழைய அம்பாசிடரிலும் ஆம்னி வேனிலும் பின்னால் சுருள் இல்லை, பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங். அதற்கு வேலை முறை வேறு. உங்கள் வீட்டு வண்டிக்கு இதைப் படித்துப் பார்க்கும்போது முதலில் எந்த வகை என்று பாருங்கள்.

கண்ணாலும் கையாலும் சோதித்தது

ஐயா பின் மூலையில் இரண்டு கையையும் ஊன்றி, வண்டியை இரண்டு மூன்று தடவை அழுத்திவிட்டுச் சட்டென்று கையை எடுத்தார். நல்ல ஷாக் இருந்தால் வண்டி ஒருதரம் மேலே வந்து அப்படியே அடங்கவேண்டும். வலது பக்கம் மூன்று முறை ஆடியது. ஜூனில் மாற்றிய இடது பக்கமும் இரண்டு முறைக்கு மேல் ஆடியது! ஆறே மாதத்தில்.

இந்தச் சோதனையில் ரொம்பக் கெட்டுப்போனதுதான் பிடிபடும், பாதி கெட்டது தப்பித்துவிடும் என்றும் சொன்னார். அதனால் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவச் சொன்னார். மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று அலை அலையாகத் தேய்ந்திருந்தது. சக்கரம் ரோட்டில் உருளாமல் தத்தித் தத்திப் போனதற்கு அடையாளம். பிறகு ஷாக்கின் உடம்பைப் பார்த்தோம். லேசாகத் தூசி ஒட்டிய ஈரம் என்றால் பயப்பட வேண்டியதில்லை. எண்ணெய் வழிந்து கீழே சொட்டியிருந்தால் அது முடிந்தது. நம்முடைய இரண்டிலும் வழிந்திருந்தது. இன்னொரு பழைய வழியும் உண்டு. குண்டும் குழியுமான ரோட்டில் ஓட்டி வந்த உடனே தொட்டுப் பார்த்தால், வேலை செய்யும் ஷாக் வெதுவெதுப்பாக இருக்கும். செத்த ஷாக் சில்லென்று இருக்கும். புகைக்குழாய் பக்கம் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.

டிரைவர் அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஐயா நிமிர்ந்து பார்த்து, "இந்த ஷாக்கை வச்சுக்கிட்டு அந்த வளைவுல ஓடைக்குள்ள விடாம நிறுத்துனியே தாயி, அதுவே பெரிசு" என்றார். எங்களில் யாருக்கும் அக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

வேலை நடந்த நாள்

2025 ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், ஐயா வீட்டு ஷெட்டில் வேலை நடந்தது. நாங்கள் ஐந்து பேர் கூடவே இருந்தோம். இதைப் படித்துவிட்டு வீட்டில் தனியாக ஸ்பேனர் எடுக்க வேண்டும் என்று எழுதவில்லை. மெக்கானிக் செய்யும்போது பக்கத்தில் நின்று, எது நடக்கிறது, எது விட்டுப்போகிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம்.

முந்தின நாள் ராத்திரியே எல்லா நட்டு போல்ட்டிலும் துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட்டார். பழைய வண்டியில் இதைச் செய்யாமல் மறுநாள் முறுக்கினால் போல்ட்டு உடையும். உடைந்த போல்ட்டை எடுப்பது தனி ரோதனை.

காலையில் சமமான சிமெண்ட் தரையில் நிறுத்தி, முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கியரில் போட்டார். சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே லேசாக இளக்கிவிட்டார். பிறகு ஜாக்கியால் தூக்கி, உடம்பின் அடியில் உறுதியான இடத்தில் இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு வைத்து, அதன் மேல் இறக்கி, வண்டியை ஒருதரம் உலுக்கிப் பார்த்தார். இங்கே குரலை உயர்த்திச் சொன்னார்: "ஜாக்கி தூக்கத்தான், தாங்க இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில தலையை விட்டா, வெளியில எடுக்க முடியாம போனவங்க இருக்காங்க." செங்கல், சிமெண்ட் பிளாக் அடுக்கி வைப்பதும் கூடாது. பாரம் ஏறினால் சொல்லாமல் பொடிந்துவிடும். உங்கள் வீட்டுப் பையன்கள் டூல்ஸ் பெட்டியோடு வண்டிக்கு அடியில் போகிறவர்களா? இந்த ஒரு பத்தியை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

சக்கரங்களைக் கழற்றியபின், பின் ஆக்சிலுக்கு அடியில் இன்னொரு ஜாக்கியைக் கொடுத்தார். ஏன் என்று கேட்டோம். ஆக்சில் ஒரேயடியாகக் கீழே போகாமல் பிடித்திருப்பதில் ஷாக்குக்கும் பங்கு உண்டு. ஷாக்கைக் கழற்றினால் ஆக்சில் தொப்பென்று தொங்கும். அதோடு போகும் பிரேக் ஹோஸ் இழுபட்டு அறுந்தால், ஷாக் மாற்றப் போய் பிரேக்கை இழந்த கதை ஆகிவிடும். அதனால் ஆக்சிலைத் தாங்கிக்கொண்டு, இரண்டு ஷாக்கையும் கழற்றி, ஆக்சிலைக் குறுக்கே பிடித்திருக்கும் கம்பியின் போல்ட்டையும் எடுத்து, பிறகுதான் ஜாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். எங்களில் ஒருவர் டார்ச் அடித்துக்கொண்டு பிரேக் ஹோஸையும் ஹேண்ட் பிரேக் கம்பியையும் பார்த்துக்கொண்டே இருந்தோம். இறுகுகிறது என்றால் சத்தம் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு.

ஆக்சில் இறங்க இறங்க ஸ்பிரிங் இளகி, கையால் எடுக்கும் அளவுக்கு வந்தது. பின்னாடி ஸ்பிரிங்குக்கு இது சரி. முன்பக்கம் அப்படி இல்லை. அங்கே ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகக் கட்டியிருக்கும், ஸ்பிரிங் எந்நேரமும் அமுங்கிய நிலையில் இருக்கும். அதற்கான கருவி போட்டு அமுக்காமல் மேல் நட்டைத் திறந்தால் குண்டு மாதிரி வெடித்து வரும். அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள்.

ஸ்பிரிங்கை எடுத்ததும் மேலே இருந்த ரப்பர் வந்தது. வலது பக்க ரப்பர் பாதி காணோம். மீதி கருவாடு மாதிரி காய்ந்து கையில் உடைந்தது. இடது பக்கம் நீளத்துக்கு வெடித்திருந்தது. ஸ்பிரிங் நுனி தகட்டில் உரசிய இடம் பளபளவென்று தெரிந்தது, சுற்றிலும் துரு. ஜூன் மாதத்திலிருந்து டிரைவர் அக்கா சொன்ன "டொக் டொக்" இதுதான். ஒர்க்‌ஷாப்பில் ஷாக்கை மாற்றினார்கள், ரப்பரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூனில் போட்ட ஷாக் ஏன் கசிந்தது என்பதும் அப்போதே தெரிந்தது. மூடியைத் தள்ளிவிட்டுக் காட்டினார். கண்ணாடி மாதிரி இருக்கவேண்டிய ராடில் பிளேயரின் பல் பதிந்த தடம். மாட்டும்போது யாரோ ராடையே பிளேயரால் பிடித்திருக்கிறார்கள். அந்தக் கீறல் மேலும் கீழும் போய்ப் போய் எண்ணெய் சீலை அரம் மாதிரி அறுத்துவிட்டது. புது சாமானாக இருந்தும், கை சரியில்லாததால் சில மாதத்தில் போய்விட்டது. வலது பக்கம் கெட்ட ஷாக்கோடு இது ஒன்று தனியாக மல்லுக்கட்டியதும் சேர்ந்துகொண்டது. ஷாக்கை எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் அடக்கி, ஒரு பக்கம் துள்ளினால், பிரேக் போடும்போதும் வளைவிலும் வண்டி ஒருபக்கமாக இழுக்கும்.

துருவை இரும்பு பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தோம். அதை நாங்களே செய்தோம். துரு எதிர்ப்பு பெயிண்ட் அடித்துக் காயவிட்டு மதியம் சாப்பிட்டோம். தகடு ஓட்டை விழவில்லை, நல்ல நேரம். ஸ்பிரிங்குகளைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து உயரம் பார்த்தார். இரண்டும் சமம், எங்கும் வெடிப்பில்லை, சுருள் உடையவில்லை. "இதை மாத்த வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

புது ரப்பரில் ஒரு படி மாதிரி வெட்டு இருக்கும். ஸ்பிரிங்கின் நுனி அந்தப் படியில் முட்டி உட்கார வேண்டும். தள்ளி உட்கார்ந்தால் ரப்பர் சீக்கிரம் கிழியும், வண்டியும் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். ஸ்பிரிங்குக்கு மேல் கீழ் உண்டு, முன்பு இருந்தபடியே நிற்க வேண்டும். வழுக்கிக்கொண்டு உள்ளே போகட்டும் என்று எங்களில் ஒருவர் கிரீஸ் எடுத்துக் கொடுத்தோம், கையைத் தட்டிவிட்டார். எண்ணெய், கிரீஸ், பெட்ரோல் மூன்றும் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். சோப்புத் தண்ணீர் போதும்.

புது ஷாக்கைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் மாட்டவில்லை. கடையில் படுத்தே கிடந்திருக்கும், உள்ளே காற்று எண்ணெயோடு கலந்திருக்கும். அதை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை முழுசாக இழுத்து, முழுசாக அழுத்தினார். முதலில் நடுவில் சட்டென்று இளகியது. பிறகு ஒரே சீராக எதிர்த்தது. அதற்குப் பிறகுதான் மாட்டினார்.

மாட்டிய பிறகும் அடி போல்ட்டுகளை இறுக்கவில்லை, கையால் முறுக்கி நிறுத்திவிட்டார். மறந்துவிட்டாரோ என்று நினைத்தோம். சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, எங்களில் இரண்டு பேரைப் பின் சீட்டில் உட்காரவைத்து, அதற்குப் பிறகு அடியில் கைவிட்டு இறுக்கினார். அந்த போல்ட்டைச் சுற்றி ரப்பர் புஷ் இருக்கிறது. வண்டி அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கிவிட்டால், தரையில் இறங்கியதும் அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி எந்நேரமும் முறுக்கு. சில மாதத்தில் கிழிந்து மறுபடி சத்தம். இந்த வேலைக்குக் கூடுதலாகப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இதைத்தானாம்.

சக்கர நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்று, குறுக்காக இறுக்கினார். அதே மூலையில் மறுபடி அழுத்திக் கையை எடுத்தோம். வண்டி மேலே வந்தது, நின்றது. அவ்வளவுதான்.

டிரைவர் அக்கா ஓட்ட, அதே ஓடைப்பால வளைவுக்குப் போனோம். ஒருவருக்கும் பேச்சில்லை. பள்ளத்தில் இறங்கி ஏறியது. சத்தம் இல்லை, துள்ளல் இல்லை. அக்காதான் முதலில் சிரித்தார்.

கணக்கு

ஜூன் 2024: ஒரு ஷாக் 1,050, கூலி 400, ஆக 1,450 ரூபாய்.

ஜனவரி 2025: இரண்டு ஷாக் 2,200, ஸ்பிரிங் சீட் ரப்பர் இரண்டு 260, அடி முட்டாமல் தாங்கும் ரப்பர் இரண்டு 180, பெயிண்ட், துரு எண்ணெய், சில்லறை 210. ஐயா கூலி வேண்டாம் என்றார், கூட்டமைப்பு வேலைக்குக் கூலி இல்லாமல் செய்யக் கூடாது என்று சொல்லி 600 கொடுத்து ரசீது வாங்கினோம். ஆக 3,450 ரூபாய். பில்கள் கோப்பில் இருக்கின்றன. விலை கடைக்குக் கடை மாறும்.

முதலில் செலவான 1,450 வீண்தான். அது எங்கள் பொறுப்பு. இனி வண்டி எந்த ஒர்க்‌ஷாப் போனாலும் நிர்வாகக் குழுவில் ஒருவர் கூட இருப்பார். எது கெட்டது என்று கண்ணால் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் வேலைக்குச் சரி சொல்வோம். கழற்றிய பழைய சாமானை வீட்டுக்குக் கொண்டுவருவோம். பில்லில் சாமான் தனி, கூலி தனியாக எழுதி வாங்குவோம். டூ வீலர், ஆட்டோ வைத்திருக்கும் உறுப்பினர்களும் இப்படியே கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்தால் வேறு கடை இருக்கிறது.

புளி மூட்டைக்கு இனி இந்தக் கார் இல்லை. சரக்கு வண்டிக்குத் தனியாக வாடகை கொடுக்கத் தீர்மானம் போட்டாயிற்று. ஆர்.சி.யில் எத்தனை பேர் என்று போட்டிருக்கிறதோ அத்தனை பேர்தான் ஏறலாம். "நானும் ஒரு ஓரமா உக்காந்துக்கிறேன்" என்று கேட்டு டிரைவர் அக்காவைச் சங்கடப்படுத்த வேண்டாம். அவர் முடியாது என்றால் முடியாது.

அக்காவை மாற்றுவது பற்றி டிசம்பரில் பேசியது, பிப்ரவரி கூட்டத்தில் வாபஸ் ஆனது. அவர் ஜூனிலேயே குறையைச் சொன்னார், நிர்வாகக் குழு கவனிக்கவில்லை என்று தீர்மான நோட்டில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். இப்போது வண்டியில் ஒரு நோட்டு இருக்கிறது. சத்தம், இழுப்பு, கசிவு எதுவானாலும் அக்கா அதில் தேதி போட்டு எழுதுவார், மாதக் கூட்டத்தில் கணக்கு வாசிப்பதற்கு முன்னால் அதை வாசிக்கிறோம்.

அந்தக் கர்ப்பிணித் தங்கச்சிக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

கழற்றிய பழைய ரப்பர் இரண்டும், பிளேயர் தடம் பதிந்த ஷாக்கும் கூட்டமைப்பு ஆபீஸ் அலமாரியில் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறோம். சேமிப்புப் பணம் கட்ட வரும்போது கேட்டு வாங்கிப் பாருங்கள். ராடில் விரல் வைத்து நகர்த்தினால் கீறல் தட்டுப்படும்.